அஸ்திக்கு வாடகை

நகராட்சியின் புதிய கட்டணப் பட்டியலில் மாதுரி எழுதியிருந்த ஒரு வரியை சுஷ்மா மேடம் சிவப்பு மையால் அடித்தார். அடித்த வரியை மாதுரி மறுபடியும் டைப் செய்து அதே மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். அது போன வாரத்துச் சண்டை. அந்த வரி இதுதான்: 'பெற்றவர்களின் அஸ்தியை மயானத்து லாக்கரில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்களுக்குக் கட்டணம் உறைக்க வேண்டும்.'

அரசாங்கப் பட்டியலில் யாராவது 'உறைக்க வேண்டும்' என்று எழுதுவார்களா? எந்தக் கட்டணத்தை ஏற்றினாலும் 'காரணம்' என்ற கட்டத்தில் 'நிர்வாகச் செலவு உயர்வு' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போவதுதான் வழக்கம். நாய் லைசென்ஸுக்கும் அதுதான் காரணம், கல்யாணத்துக்கு விடுகிற சமுதாயக் கூடத்துக்கும் அதுதான் காரணம். மாதுரியும் மற்ற எல்லாவற்றுக்கும் அப்படித்தான் எழுதியிருந்தாள். இந்த ஒன்றுக்கு மட்டும் அவளுக்கு மனசு ஆறவில்லை.

ஏனென்றால் பட்டியல் போடுவதற்கு முன்னால் அவள் அந்த லாக்கர் அறையை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பூட்டிய இரும்பு லாக்கர்கள் நிறைந்து, இடம் போதாமல் தரையிலும் சிவப்புத் துணியில் வாய் கட்டிய மண் கலயங்கள். எந்தக் காலத்திலோ நிர்ணயித்த ஐம்பது ரூபாயைக் கட்டிவிட்டுப் போன பிள்ளைகள் திரும்பியே பார்க்கவில்லை. எத்தனை நாள் வைத்தாலும் அதே ஐம்பதுதான் என்றால் எவனுக்கு அவசரம்? இனிமேல் முதல் பதினைந்து நாள் இலவசம், அதற்குமேல் நாளுக்கு நூறு ரூபாய், மூன்று மாதம் தாண்டினால் நகராட்சியே கொண்டுபோய் மொத்தமாகக் கரைத்துவிடும் என்று மாதுரி பட்டியலில் சேர்த்தாள்.

அவளுடைய அப்பா விஸ்வநாதன் சித்திரை வெயிலில் போய்ச் சேர்ந்தார். விவாகரத்து ஆனதிலிருந்து டெல்லி ஜனக்புரி ஃப்ளாட்டில் பெற்றவர்களோடு இருந்த மாதுரிதான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். அண்ணன் மாதவ் டொராண்டோவிலிருந்து வர முடியாததால் தம்பி ஷ்ரவண் கொள்ளி வைத்தான். அந்த வாரமே ஹரித்வாருக்குப் போய் அஸ்தியைக் கரைத்துவிட்டும் வந்தான். அப்படித்தான் மாதுரியிடம் சொல்லியிருந்தார்கள்.

*

இன்று காலை ஜனக்புரியில் எதிர்வீட்டு பால்கனி தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். மாதுரி டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். அம்மா அனந்தலக்ஷ்மி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"மாது, என் ஆதார் கார்டை எங்கடி வெச்சே?"

"பீரோல, மேல் தட்டுல. எதுக்கும்மா?"

"பேங்க்ல கேக்கறா."

"ஞாயித்துக்கிழமை நான் கூட்டிண்டு போறேனே. இந்தப் புகையில நீ எங்க கெளம்பறே?"

போகிற மாதிரி திரும்பியவள், மறுபடி நின்றாள்.

"உங்க ஆபீஸ்ல புதுசா ரேட்டெல்லாம் போட்டிருக்கேளாமே. அது இன்னிலேர்ந்தா?"

மாதுரிக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. அவள் உத்தியோகத்தைப் பற்றி அம்மா ஒரு வார்த்தை கேட்டு எத்தனையோ காலமாயிற்று. மாதவ் கம்பெனியில் எந்த டீம், ஷ்ரவணுக்கு எப்போது ப்ரமோஷன் என்பதெல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி. மாதுரி என்றால் 'கார்த்தால போவா, சாயங்காலம் வருவா', அவ்வளவுதான்.

"ஜனவரிலேர்ந்தும்மா. இன்னிக்கு ஜனங்களோட ஆட்சேபணையைக் கேக்கறோம். அது முடிஞ்சா மேடம் கையெழுத்துப் போட்டுடுவா."

"மாத்த முடியாதா?"

"எதுக்கு மாத்தணும்? நான் போட்டதும்மா அது, நன்னா யோசிச்சுப் போட்டது."

"சரி சரி, நீ கெளம்பு. நாழியாறது பாரு."

மாதுரி மெட்ரோவில் நின்றுகொண்டே போனபோதும் அந்தக் கேள்வி அவளுக்கு இனித்தது. அம்மா கேட்டாளே! அசடு, அதற்கு அப்படி ஒரு சந்தோஷப்பட்டாள்.

*

ஆட்சேபணைக் கூட்டம் என்றால் ஏதோ பெரிய மாநாடு என்று நினைக்க வேண்டாம். ஆபீஸ் மாடியில் ஒரு ஹால், சுவரோரம் உடைந்த ஏர்கூலர், நாலு வரிசை நாற்காலி. நடுவில் சுஷ்மா மேடம். பக்கத்தில் கட்டணப் பட்டியலோடு மாதுரி. யார் எழுந்து எதை எதிர்த்தாலும், அந்தக் கட்டணத்துக்கான காரணத்தைப் படிக்க வேண்டியது அவள் வேலை. பேச்செல்லாம் ஹிந்தியில்தான். நமக்காக நான் தமிழில் சொல்கிறேன்.

"என் நாய்க்கு லைசென்ஸ் ஃபீஸ் ஒரேயடியாகப் பத்து மடங்கா? அது என்ன, கார் ஓட்டப் போகிறதா?" என்று ஒரு தாத்தா கத்தினார். ஹால் சிரித்தது. பந்தல் காண்ட்ராக்டர் ஒருவர், சமுதாயக் கூட வாடகை ஏறினால் ஏழைகள் கல்யாணம் பண்ணவே முடியாது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். போன வருஷம் அதே கூடத்தை மூன்று மடங்கு விலைக்கு அவர் உள்வாடகை விட்டது மாதுரிக்குத் தெரியும். அதை அவள் சொன்னதும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

மாதுரி நல்ல வேகத்தில் இருந்தாள். எந்தக் கேள்விக்கும் அவள் தடுமாறவில்லை. சுஷ்மா மேடம்கூட ஒருமுறை தலையசைத்தார்.

"அடுத்தது, மயான சேவைகள். லாக்கர் கட்டணம். யார் பேசுகிறீர்கள்?"

கடைசி வரிசையில், கையில் ஹெல்மெட்டோடு ஒருவன் எழுந்தான்.

ஷ்ரவண்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. நாலு பேர் முன்னால் பேச வேண்டும் என்றால் சின்ன வயசிலிருந்தே அவனுக்குத் தலை நிமிராது. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து, ஒப்பிக்கிற மாதிரி படித்தான்.

"என் பெயர் ஷ்ரவண் விஸ்வநாதன். கிட்வாய் நகர் க்வார்ட்டர்ஸில் இருக்கிறேன். லாக்கர் கட்டணத்திலிருந்து எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு விலக்கு வேண்டும். எங்கள் அண்ணா வெளிநாட்டில் இருக்கிறார். மூத்த மகன் அவர். தான் வந்துதான் கரைக்க வேண்டும் என்கிறார். அதனால் எங்கள் அப்பாவின் அஸ்தி மே மாதத்திலிருந்து லாக்கரில்தான் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப் போவதும் எங்களில் வழக்கம் இல்லை. மூன்று மாதக் கணக்கைப் பார்த்து அதை வாரிக் கொண்டுபோய்விட்டால்..."

அதற்குமேல் மாதுரிக்குக் காதில் விழவில்லை.

அப்பா லாக்கரில் இருக்கிறார். ஹரித்வாருக்குப் போகவே இல்லை. அவள் அந்த அறையில் போய் நின்றுகொண்டு, 'இந்தப் பாவிகளுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா' என்று மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினாளே, அப்போது அவள் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒரு லாக்கருக்குள் அப்பா இருந்திருக்கிறார். அவள் திட்டிய பாவிகளில் அவள் வீடும் ஒன்று.

அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

"மாதுரி ஜி," என்றார் சுஷ்மா மேடம். "காரணத்தைப் படியுங்கள்."

மாதுரி எழுந்தாள். அப்போதுதான் ஷ்ரவண் நிமிர்ந்து பார்த்தான். கையிலிருந்த ஹெல்மெட் டொப்பென்று தரையில் விழுந்து உருண்டது.

"மேடம், இதற்கு நான் படிக்கக் கூடாது," என்றாள் மாதுரி. "இவர் என் தம்பி. லாக்கரில் இருப்பவர் என் அப்பா. வேறு யாரையாவது படிக்கச் சொல்லுங்கள்."

நாய்க்காரத் தாத்தா "அரே ராம்" என்றார்.

சுஷ்மா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். லேசில் இளகுகிற மனுஷி இல்லை அவர். "உங்களுக்கு இது தெரியாதா?"

"இந்த நிமிஷம்தான் தெரியும்."

"அப்படியானால் அந்த நாற்காலியிலிருந்து பேச வேண்டாம். ஆனால் கட்டணம் உங்கள் குடும்பத்துக்கும் உண்டு. எதிரே போய் நின்று எல்லாரையும் போல நீங்களும் உங்கள் ஆட்சேபணையைச் சொல்லலாம்."

மாதுரி பட்டியலை மேஜைமேல் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு வந்து, ஜனங்கள் நிற்கிற பக்கம் தம்பிக்கு ஓரடி தள்ளி நின்றாள்.

"எனக்கு ஒரு ஆட்சேபணைதான் மேடம். மகளாகக் கேட்டால், நாளுக்கு நூறு ரூபாய் போதாது. இன்னும் ஏற்றுங்கள்."

சுஷ்மா மேடம் சிவப்புப் பேனாவை எடுத்தார். "விலக்கு கிடையாது. கட்டணத்தையும் ஏற்றவில்லை, இப்படியே இருக்கட்டும். ஆனால் அந்த 'உறைக்க வேண்டும்' என்கிற வரியை எடுத்துவிடுகிறேன், மாதுரி ஜி. உறைக்க வேண்டியவர்களுக்கு இன்று உறைத்துவிட்டது. அடுத்தது யார்?"

*

வராந்தாவில் டீ மெஷினுக்குப் பக்கத்தில் ஷ்ரவணை மடக்கிவிட்டாள்.

"அக்கா, நீ... நீ வீட்டு வரி செக்ஷன்ல தானே இருக்கே?"

"அது மூணு வருஷத்துக்கு முன்னாடி. அக்கா எந்த செக்ஷன்ல வேலை பாக்கறாங்கறதுகூடத் தெரியாது உனக்கு. தெரிஞ்சிருந்தா இங்க வந்து மாட்டிண்டிருப்பியா?"

"கத்தாதே அக்கா, எல்லாரும் பாக்கறா."

"பாக்கட்டும்! ஹரித்வார் போயிட்டு வந்தேன்னு சொன்னியே. ஒரு பாட்டில் கங்கா ஜலம்கூடக் கொண்டுவந்து குடுத்தியேடா. சாமி ரூம்ல வெச்சு நான் தினம் நமஸ்காரம் பண்றேனே. அது எந்தக் கடையில வாங்கினது?"

ஷ்ரவண் தரையைப் பார்த்தான். "கரோல் பாக்ல."

மாதுரிக்கு வந்த கோபத்தில், ஆபீஸ் என்று பார்க்காமல் அவன் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பாள். டீ வாங்க வந்த ப்யூன் குறுக்கே நின்றதால் அவன் பிழைத்தான்.

"நான் என்னக்கா பண்ணுவேன்? அண்ணா ஃபோன்ல ஒரே பிடிவாதம். 'கொள்ளிதான் நீ வெச்சுட்டே, இதையாவது எனக்கு விடு. நான் வரவரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது'ன்னான். ஆனில வரேன்னான், அப்பறம் ஆவணின்னான். நவராத்திரிக்கு டிக்கெட் விலை ஜாஸ்தின்னான்."

"அப்பாவுக்கு மாசா மாசம் மாசிகம் பண்ணினியே. வாத்யார் கேக்கலை?"

"கேட்டார். கரைச்சாச்சுன்னேன்."

"ஸ்வாமி முன்னாடி உக்காந்துண்டு?"

"அம்மாதான் அப்படிச் சொல்லச் சொன்னா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"மொதல்லேர்ந்தே தெரியும். லாக்கர் சாவியே அம்மாகிட்டதான் இருக்கு. குங்குமச் சிமிழ்ல போட்டு வெச்சிருக்கா."

அந்தக் குங்குமச் சிமிழ்! அப்பா போனதிலிருந்து அம்மா அதைத் திறக்கிறதில்லை. மாதுரியும் கண்ணாடி மேஜையைத் துடைக்கும்போதெல்லாம் அதை மட்டும் நகர்த்தாமல், அம்மா மனசு நோகக் கூடாதே என்று சுற்றித் துடைத்துவிட்டு வருவாள். அவளுடைய அந்த மரியாதைக்குள்தான் எல்லாரும் சேர்ந்து சாவியை ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

"கெளம்பு," என்றாள்.

"எங்க?"

"அப்பாவை எடுத்துண்டு வரணும். பூட்டை உடைச்சாவது."

*

இருவரும் ஆட்டோவில் ஏறினார்கள். மாதுரி வீட்டுக்கு ஃபோன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. அம்மாவின் மொபைலும் அப்படியே. 'எடுக்க மாட்டா, தெரிஞ்சிருக்கும் அவளுக்கு' என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மயானத்தில் லாக்கர் அறையைப் பார்த்துக்கொள்கிற லட்சுமணன் விழுப்புரம் பக்கத்து ஆள். டெல்லிக்கு வந்து தலை நரைத்துவிட்டது, ஊர்ப் பேச்சு மட்டும் போகவில்லை. மாதுரியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு முகத்தைச் சுளித்தான்.

"வாங்க ஆபீஸரம்மா. நீங்க பாட்டுக்கு ரேட்ட ஏத்திட்டுப் பூட்டீங்க. நோட்டீஸ் ஒட்டுனதுலேருந்து வர்றவன் போறவன்லாம் என் சட்டையத்தான் புடிக்கிறான். நேத்து ஒருத்தன் அடிக்கவே வந்துட்டான்."

"அதுக்கு அப்பறம் பதில் சொல்றேன். விஸ்வநாதன்கிற பேர்ல ஒரு லாக்கர். சாவி இல்லை. அதைத் திறக்கணும்."

லட்சுமணன் அவளையும் ஷ்ரவணையும் மாறி மாறிப் பார்த்தான். "அதுவா? காலையிலயே எடுத்துக்கினு பூட்டாங்களே."

"யாரு?"

"வயசானம்மா ஒருத்தவங்க. தனியாத்தான் வந்தாங்க. ஆதார் காட்டுனாங்க, சாவி வெச்சிருந்தாங்க, சம்சாரம்னு கையெழுத்தும் போட்டாங்க. பொம்பளைங்க இங்கெல்லாம் வரமாட்டீங்களே, வூட்ல ஆம்பளைங்க இல்லியான்னு கேட்டேன். 'இருக்கா, ரெண்டு பேர்'னாங்க. அவ்ளோதான், வேற பேசல."

ஷ்ரவண் சுவரில் கை ஊன்றிக்கொண்டான்.

"புது ரேட்டுப்படி எவ்ளோ ஆவும்னு கேட்டாங்க," என்று லட்சுமணன் தொடர்ந்தான். "அது ஜனவரியிலதாம்மா, இப்ப ஒண்ணுமே கட்ட வேணாம்னேன். கேக்கல. 'எம் பொண்ணு போட்ட ரேட்டு. அதை நான் குடுக்காம வேற யார் குடுப்பா'ன்னுட்டு, பர்ஸத் தொறந்து இருந்ததெல்லாம் அந்த உண்டியல்ல கொட்டிட்டாங்க." அனாதைப் பிணங்களுக்கு விறகு வாங்க வைத்திருக்கிற தகர உண்டியலைக் காட்டினான். பிறகு சட்டென்று குரல் தாழ்ந்தது. "அப்ப... அவங்க பொண்ணுன்னு சொன்னது..."

மாதுரி அங்கே நிற்கவில்லை.

*

ஃப்ளாட் வாசலில், இரும்பு கேட்டுக்கு வெளியே, செக்யூரிட்டியின் பிளாஸ்டிக் நாற்காலியில் அனந்தலக்ஷ்மி உட்கார்ந்திருந்தாள். சால்வை தலையோடு போர்த்தியிருந்தது. மடியில், இரண்டு கையாலும் அணைத்தபடி, சிவப்புத் துணி கட்டிய கலயம்.

செக்யூரிட்டி ஓடி வந்தான். "மேடம்ஜி, மாதாஜி காலையிலிருந்து இங்கேயேதான். உள்ளே போகச் சொன்னால் மாட்டேன் என்கிறார். சாப்பிடவும் இல்லை. ஆட்டோவுக்குக்கூட அவரிடம் காசில்லை, நான்தான் கொடுத்தேன்."

மாதுரி அவனுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு அம்மா முன்னால் போய் நின்றாள்.

"உள்ள வரவேண்டியதுதானே? இங்க எதுக்கு இந்தக் குளிர்ல உக்காந்திருக்கே?"

"கலயத்தை வாசப்படி தாண்டிக் கொண்டுபோகப்படாது," என்றாள் அம்மா. "இவரைத் தனியா விட்டுட்டு நானும் உள்ள போகமாட்டேன். நீ வரட்டும்னு இருந்தேன்."

"நான் வரட்டும்னா? இப்பதான் நான் இருக்கறது ஞாபகம் வந்துதா?"

"கத்தணும்னா கத்திடு. நான் கேட்டுக்கறேன்."

அதுதான் மாதுரியை இன்னும் கிளறிவிட்டது. "ஆமாம்மா, கத்தத்தான் போறேன். அப்பாவுக்கு டயாப்பர் மாத்தினது நான். ராத்திரியெல்லாம் கூட உக்காந்திருந்தது நான். அப்பெல்லாம் மூத்த பிள்ளை எங்க இருந்தான், எளைய பிள்ளை எங்க இருந்தான்? எரிச்சு முடிச்சதும் மட்டும் அப்பா அவா சொத்தாயிட்டாரா? ஏம்மா எங்கிட்ட மறைச்சே?"

"சொன்னா நீ அன்னிக்கே போய்க் கரைச்சுட்டு வந்திருப்பே."

"வந்திருப்பேன்! அதுல என்ன தப்பு?"

"மாதவன் அப்பறம் இந்தாத்துப் பக்கமே திரும்பியிருக்க மாட்டான். ஆம்படையான் போயாச்சு, பிள்ளையும் போயிடுவானோன்னு பயந்துண்டு வாயை மூடிண்டேன்."

"பொண்ணு போயிடுவாளேன்னு பயமில்லையா?"

அனந்தலக்ஷ்மி நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். "இல்லை. நீ எங்கடி போகப்போறேன்னு நெனச்சேன். அதுதான் நெஜம்."

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது மாதுரிக்கு. பொய்யாகவாவது ஒரு சமாதானம் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா சொன்னது உண்மை என்பதும், இத்தனை நாளில் அம்மா தன்னிடம் பேசிய முதல் உண்மை அதுதான் என்பதும் அவளுக்கு உறைத்தது. ஷ்ரவண் பின்னால் நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சினான். "நீ அழாதே, எனக்கு இன்னும் ஆத்திரம் வரும்" என்று அவன் பக்கம் திரும்பி ஒரு அதட்டல் போட்டாள்.

"அப்பறம் இன்னிக்கு மட்டும் எங்கேர்ந்து தைரியம் வந்துது?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

"நேத்திக்கு இவன் வந்து அந்த நோட்டீஸைப் படிச்சுக் காட்டினான். காலக்கெடுவுக்குள்ள வராட்டா 'உரிமை கோரப்படாத அஸ்தி'ன்னு இருந்தது. அம்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவரை, கேக்க நாதியில்லாதவர்னு எழுதிடுவாளா? நான் குத்துக்கல்லாட்டம் உயிரோட இருக்கேன்! இவனானா, கூட்டத்துல போய் டயம் கேக்கறேங்கறான். இன்னும் எத்தனை டயம்? அதான் நானே போயிட்டேன்."

"அந்த நோட்டீஸை எழுதினது நான்தாம்மா."

"தெரியும். படிக்கும்போதே தெரிஞ்சுது. உங்கப்பா கோபம் அப்படியே அதுல இருந்தது." அம்மா கலயத்தின் துணியை நீவிவிட்டாள். "நன்னாத்தான் எழுதியிருக்கே."

மாதுரிக்கு அம்மாவைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, பிடித்து உலுக்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. மொபைலை எடுத்து ஹரித்வாருக்கு டாக்ஸி சொன்னாள். மாடிக்குப் போய் அம்மாவுக்கு ஸ்வெட்டரும் ஒரு டப்பாவில் தயிர் சாதமும் எடுத்துக்கொண்டாள். சாமி அறையில் இருந்த கரோல் பாக் கங்கா ஜலத்தை வாஷ்பேஸினில் கவிழ்த்துவிட்டுத்தான் கீழே இறங்கினாள்.

டாக்ஸி வந்து நின்றது. அம்மா கலயத்தோடு பின் சீட்டில் ஏறினாள், பக்கத்தில் மாதுரி. ஷ்ரவண் தயங்கினான்.

"முன்னாடி உக்காரு. கையெழுத்து, சாவி, எல்லாத்துக்கும் பொம்மனாட்டிகள் ஆச்சு. அங்க மந்திரம் சொல்லி நீதான் கரைக்கணும். அதையாவது ஒழுங்காப் பண்ணு."

அப்போது அவள் ஃபோன் அடித்தது. மாதவ்.

ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ஏதோ அறிவிப்புச் சத்தம், டிராலி உருளுகிற சத்தம்.

"மாது, நான் டெல்லி ஏர்போர்ட்ல நிக்கறேன். ஒருத்தருக்கும் சொல்லலை. ஷ்ரவண் அனுப்பின நோட்டீஸைப் பார்த்ததும் கெடைச்ச ஃப்ளைட்டைப் பிடிச்சு வந்துட்டேன். நேரா மயானத்துக்குப் போறேன். லாக்கர் சாவி யார்கிட்ட இருக்கு?"

மாதுரி சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது. "ஆஸ்பத்திரியில அப்பா வாய்விட்டு உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், அப்ப உனக்கு ஃப்ளைட் கெடைக்கலை. லாக்கர் ரேட்டு ஏறினதும் கெடைச்சுடுத்தா?"

"எனக்கும் அவர் அப்பாதான் மாது." மாதவின் குரல் உடைந்தது. அதை அவள் எதிர்பார்க்கவில்லை. "திட்டணும்னா நேர்ல திட்டு. சாவி எங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் அம்மா கை நீட்டி ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"மாதவா, அப்பா எங்கூட இருக்கார். ஹரித்வாருக்குக் கெளம்பியாச்சு. நீ பின்னால வா."

"அம்மா! ஒரு மணி நேரம் நில்லுங்கோ. அவன் கொள்ளி வெச்சாச்சு. இதுவும் எனக்கு இல்லேன்னா நான் என்ன பிள்ளை?"

"உனக்காக ஆனிலேர்ந்து நின்னாச்சுப்பா. உங்கப்பா லாக்கர்ல நின்னார். பின்னால வா."

பிறகு மாதவ் பேசினபோது குரலில் ஈரம் இல்லை.

"ஹரித்வார்ல நம்ம வாத்யார்கிட்ட நான் ஏற்கெனவே பேசியாச்சும்மா. மூத்தவன் நான் வராம அங்க ஒருத்தரும் பண்ணிவைக்க மாட்டா. போய்ப் பாருங்கோ."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. ஷ்ரவண் முன் சீட்டிலிருந்து வெளிறிய முகத்தோடு திரும்பினான். டிரைவர், "கிளம்பலாமா, மேடம்?" என்றான்.

மாதுரி அம்மாவைப் பார்த்தாள். "நெஜமாவே பண்ணிவைக்க மாட்டேன்னுட்டா?"

அனந்தலக்ஷ்மி ஃபோனை மகளிடம் கொடுத்துவிட்டு, கலயத்தை மடியில் இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"கங்கையில நாமளே எறங்கறதுக்கு உங்க ஆபீஸ்ல இன்னும் ரேட்டு போடலையே? அப்பறம் என்ன, ஜல்தி கெளம்பச் சொல்லுடி."